பணம் யாருக்குப் போனது?

பழைய கடதாசி: வாசகர் கேள்வி பதில்

காணிப் பதிவகத்தில் 31 வருடம் இலிகிதராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சரித்திர ஆசிரியன் இல்லை. காணி உறுதிப் பத்திரம் தேடி வருகிறவர்களுக்குப் பழைய புத்தகங்களைத் தூக்கிக் கொடுத்துக் கொடுத்துப் பழகியதில், எந்தக் கடதாசியில் எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும் என்பது மட்டும் கைவந்திருக்கிறது. இந்த முறை கோண்டாவில் கடிதத்துக்கே பாதி இடம் போய்விட்டது. மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அன்பின் ஐயா, என் மகள் அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறாள். மருமகன் அந்த நாட்டுக்காரர். பேரனைப் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தை நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். மருமகனின் பக்கம்தான் இடிக்கிறது. அவருடைய அப்பப்பா ஆமியில் இருந்தவராம். சீருடையோடு நிற்கும் படம் ஒன்று இருக்கிறது, பின்னால் 1936 என்று எழுதியிருக்கிறது. படைப் பதிவு கேட்டு எழுதினார்கள், அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. 1973இல் தீப்பிடித்து எல்லாம் எரிந்துவிட்டது, இனித் தேடிப் பிரயோசனமில்லை என்கிறார் மருமகன். அந்த அப்பப்பாவின் தாய் அரசாங்கத்துக்குத் தையல் வேலை செய்தவர் என்றும் ஒரு கதை உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு உங்களால் இதற்கு வழி சொல்ல முடியுமா?
– கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மம்மா

பதில்: முடியும் அம்மா. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொடியனின் கையில் துவக்கு இல்லை, மண்வெட்டிதான் இருக்கிறது. தோளில் பட்டியோ கோடோ ஒன்றும் இல்லை. பின்னால் தெரிவது கூடாரமும் கன்று மரங்களும். அவர் ஆமியில் இருக்கவில்லை, ஆமி நடத்திய முகாமில் இருந்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

1929இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்த பிறகு, 1933 அளவில் அங்கே உழைக்கக்கூடிய நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த மார்ச் மாதம் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தார். வந்த மாதமே ஒரு சட்டம் போட்டு, வேலையில்லாத இளைஞர்களைக் காட்டு வேலைக்கும் மண் அரிப்பைத் தடுக்கும் வேலைக்கும் பூங்காக்களில் பாதை வெட்டும் வேலைக்கும் சேர்த்தார்கள். அதன் பெயர் சிவிலியன் கொன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சீ.சீ.சீ. 1942 வரை நடந்தது. ஒரு முகாமில் 200 பேரளவில் இருப்பார்கள். முகாமை நடத்தியது இராணுவம். சாப்பாடு, உடுப்பு, படுக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பழைய இராணுவ உடுப்பைத்தான் பொடியன்களுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் பேரப்பிள்ளைகள் காலத்தில் படத்தைப் பார்ப்பவர்கள் "தாத்தா ஆமி" என்று சொல்லிவிடுகிறார்கள்.

சரி, அந்தத் தீ. 1973இல் மிசூரி மாநிலத்தின் சென்ட் லூயிஸ் நகரில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். சீ.சீ.சீ. கோப்புகள் அதே நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இப்போதும் இருக்கின்றன. மருமகனைக் குறை சொல்லமாட்டேன். 1981இல் நூலகம் எரிந்த ஊர்க்காரர் நாங்கள், "எல்லாம் எரிந்துபோச்சு" என்றால் உடனே நம்பிவிடுவோம். பதிவகத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று, "எங்கள் காணி உறுதி நூலகத்தோடு எரிந்துவிட்டது" என்று சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். உறுதி என்றைக்கு நூலகத்தில் இருந்தது? மூலப்பிரதி வீட்டில், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று பதிவகத்தில். எரிந்தது எது என்று முதலில் கேளுங்கள். மிச்சம் இருப்பது எது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

சென்ட் லூயிசுக்கு எழுதும்போது படைப் பதிவு என்று கேட்காமல், சீ.சீ.சீ. ஆளணிக் கோப்பு என்று கேட்கச் சொல்லுங்கள். அப்பப்பாவின் முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், எந்த மாநிலத்தில் சேர்ந்தார், ஏறக்குறைய எந்த வருடங்கள் என்பவற்றைக் கொடுக்க வேண்டும். பிரதி எடுப்பதற்குக் கட்டணம் உண்டு. குறிப்பிட்ட காலம் கடந்த பழைய கோப்புகளை யாரும் பார்க்கலாம் என்பது அங்குள்ள விதி. சீ.சீ.சீ. மூடியே எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆகவே உறவுமுறையை நிரூபிக்கத் தேவையில்லை.

கோப்பு வந்தால் அதில் படிப்பு, முன்பு பார்த்த வேலை, உயரம், நிறை, எந்த முகாம், எப்போது விலகினார் எல்லாம் இருக்கும். ஆறு ஆறு மாதமாகத்தான் சேர்ப்பார்கள், ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட படிவமும் இருக்கலாம். பேரன் உயரத்தையும் நிறையையும் பார்த்துச் சந்தோஷப்படட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறொரு வரி. மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் பொடியனின் கைக்கு வராது, நேரே வீட்டுக்குப் போகும். யாருக்கு அனுப்புவது என்று பெயர், உறவு, விலாசத்தோடு அதில் எழுதியிருக்கும். என் அனுபவத்தில் அரசாங்கக் கடதாசி எதிலும் மிகக் கவனமாக நிரப்பப்படுவது பணம் போகும் இடம்தான். மற்ற இடங்களில் இலிகிதருக்குத் தூக்கம் வரும், அங்கே வராது. நானும் இலிகிதன்தானே.

அந்தப் பணம் தகப்பனுக்குப் போயிருந்தால் சரி. தாய்க்குப் போயிருந்தால் தையல் வேலைக் கதையை அதோடு சேர்த்துப் பாருங்கள். 1935இல் டபிள்யூ.பி.ஏ. என்று இன்னொரு திட்டம் வந்தது. 1943 வரை நடந்த அந்தத் திட்டத்தில் மொத்தம் 85 இலட்சம் பேரளவில் வேலை செய்தார்கள். தெரு, பாலம், பள்ளிக்கூடம் கட்டும் வேலை ஆண்களுக்கு. பெண்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது தையற்கூட வேலை, ஆஸ்பத்திரிகளுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் உடுப்புத் தைப்பது. பொது விதி, ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் வேலை, அதுவும் வீட்டைக் கொண்டு நடத்துகிறவருக்கு. அப்படியென்றால் அந்த அம்மா தையற்கூடத்தில் இருந்தபோது கணவன் எங்கே? இறந்துவிட்டாரா, நோயாளியாகப் படுத்திருந்தாரா, விட்டுவிட்டுப் போய்விட்டாரா? உங்கள் கடிதத்தில் தாய் வருகிறார், மகன் வருகிறார், தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சம்பந்தி வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டார்களா, அவர்களுக்கே தெரியாதா என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் பட்டென்று கேட்டுவிடாதீர்கள். சம்பந்தி உறவு பேரனின் வீட்டுப்பாடத்தைவிடப் பெரிது.

கேட்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. 1940ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு 72 வருடம் பூட்டி வைத்திருந்து 2012இல் திறக்கப்பட்டது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், மகள் ஒரு பின்னேரத்தில் தேடிவிடுவாள். மார்ச் 24 முதல் 30 வரையான அந்தக் கிழமையில் அரசாங்க நிவாரண வேலையில் இருந்தாரா என்பதற்கே ஒரு தனி நிரல் இருக்கிறது. 1935இல் எங்கே குடியிருந்தார் என்றும் கேட்டிருக்கிறார்கள். தாய் விதவையா, மணமானவரா என்பதும் தெரியும். இன்னொன்று, வீட்டில் யார் அந்த விபரங்களைச் சொன்னாரோ அவருடைய பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். எங்கள் விதானைமார் அப்படி ஒரு குறி போட்டு வைத்திருந்தால் எத்தனை காணி வழக்கு மிச்சமாகியிருக்கும்!

வயதில் மட்டும் கவனம். சீ.சீ.சீ.யில் சேர முதலில் 18 வயது வேண்டும் என்றிருந்தது. பதினாறு வயதுப் பொடியன்கள் இரண்டு வருடத்தைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார்கள். இதைக் கேட்டு எங்கள் ஆட்கள் சிரிக்கக்கூடாது. உத்தியோகச் சோதனைக்காகப் பள்ளிக்கூட இடாப்பில் வயதைக் குறைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். என் அப்பாவின் சாதக ஓலையில் ஒரு பிறந்தநாள், பென்சன் கோப்பில் ஒரு பிறந்தநாள், இடையில் ஒன்றரை வருடம். ஓலைக்குத் திதியும் நட்சத்திரமும் உண்டு. கோப்புக்கு முத்திரை உண்டு.

கேள்வி: எங்கள் அப்பு மலாயாவில் ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். 1932இல் வெள்ளைக்காரத் துரைக்குக் கன்னத்தில் அறைந்துவிட்டு வேலையை உதறிக்கொண்டு கப்பலேறி வந்தாராம். இதற்கு ஆதாரம் எங்கே எடுக்கலாம்?
– காரைநகர் வாசகர்

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் இந்த அறை விழுவது இது ஐந்தாவது தடவை. மானிப்பாயில் இருந்தும் வந்திருக்கிறது, புங்குடுதீவில் இருந்தும் வந்திருக்கிறது. வருடம் மட்டும் எல்லாவற்றிலும் 1931 அல்லது 1932. மலாயாத் துரைமார் எல்லோரும் ஒரே வருடத்தில் யாழ்ப்பாணத்தாரிடம் அடி வாங்கினார்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

அந்த வருடங்களில் ரப்பரும் வெள்ளீயமும் விலை விழுந்து, மலாயா அரசாங்கம் கந்தோர்களில் ஆட்குறைப்புச் செய்தது. ரிட்றென்ச்மென்ட் என்று அந்தக்கால ஆட்கள் சொல்வார்கள். மாதா மாதம் மணியோடர் வந்துகொண்டிருந்த வீடுகளில் திடீரென்று ஆளே வந்து இறங்கியிருக்கிறார். வேலை போய்விட்டது என்று படலையில் நின்று சொல்வது லேசா? அறைந்துவிட்டு வந்தேன் என்பது லேசு.

இங்கேயும் பணத்தைப் பாருங்கள். துரையை அடித்து நீக்கப்பட்டவருக்குப் பென்சனை மறந்துவிட வேண்டியதுதான். ஆட்குறைப்பில் வந்தவருக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்திருக்கும். அப்பு பென்சன் எடுத்தாரா? அவருக்குப் பிறகு ஆச்சிக்கு ஏதாவது வந்ததா? வந்த அடுத்த வருடமே காணி வாங்கினாரா, கிணறு வெட்டினாரா, நாற்சார் வீட்டுக்கு ஓடு போட்டாரா? இதற்கு நீங்கள் கோலாலம்பூருக்குப் போக வேண்டாம், வீட்டு உறுதிகளை எடுத்து வாசித்தால் போதும். அப்பு மலாயாவில் இருந்த காலத்து உறுதிகளில் அவருக்காக இங்கே அற்றோணி கையெழுத்து வைத்திருப்பார். அற்றோணித் தத்துவம் என்ற அந்த அதிகாரப் பத்திரத்தில் அப்பு எந்த ஊரில், என்ன உத்தியோகத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கும். உறுதியின் கடைசியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியையும் வாசியுங்கள். பணம் தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்று அதில் சொல்லியிருப்பார். அந்த நாலு வரியை யாரும் வாசிப்பதில்லை.

அதற்குப் பிறகு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் எல்லாம் பக்கம் பக்கமாக இலவசமாக இருக்கின்றன. மலாயா டிரிபியூன் இங்கிலீஷ் படித்த ஆசியர்கள் வாசித்த பேப்பர். எங்கள் ஆட்களின் இடமாற்றம், கலியாணம், கிரிக்கெட் ஓட்டம், பிரியாவிடைத் தேநீர் எல்லாம் அதில் வந்திருக்கும். அப்புவுக்குப் பிரியாவிடை வைத்து மாலை போட்டதாகச் செய்தி கிடைத்தால், அறைந்த கதையை மெல்ல மடித்து வைத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் சொல்லலாம்.

கேள்வி: அந்தச் சிங்கப்பூர்த் தளத்தில் எங்கள் கந்தையாப் பெரியப்பாவைத் தேடினேன். ஒன்றும் இல்லை. என்ன பிழை?
– சாவகச்சேரி

பதில்: பெரியப்பாவில் பிழையில்லை, எழுத்துக்கூட்டலில்தான். இங்கிலீஷில் கந்தையாவைக் கே போட்டும் எழுதினார்கள், சி போட்டும் எழுதினார்கள். நடுவில் டி போட்டவர் உண்டு, ரி எச் போட்டவர் உண்டு. கடைசியில் எச் வந்தும் இருக்கும், வராமலும் இருக்கும். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தலைப்பெழுத்தை ஒருநாளும் விடாதீர்கள்.

அமெரிக்கர்களுக்கும் இதே தலையிடி இருந்தது. அதற்கு அவர்கள் பாவித்த முறைக்கு சவுண்டெக்ஸ் என்று பெயர். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, வை ஆகியவற்றையும் தள்ளிவிட்டு, மற்ற மெய்களுக்கு ஒலியின்படி இலக்கம் போடுவார்கள். டியும் ரியும் ஒரே இலக்கம். ஆகவே கேயில் தொடங்கும் கந்தையா எப்படி எழுதினாலும் கே530 என்ற ஒரே பெட்டிக்குள் விழுவார். சியில் தொடங்கினால் சி530, அது வேறு பெட்டி. 1880, 1900, 1920 ஆகிய வருடங்களின் குடிசன மதிப்பீட்டுக்கு இந்தச் சுட்டி அட்டைகளை எழுதியது யார் தெரியுமா? மேலே சொன்ன டபிள்யூ.பி.ஏ.யில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான். 1880க்கு மட்டும், 10 வயதும் அதற்குக் குறைந்த பிள்ளைகளும் இருந்த வீடுகளைத்தான் எழுதினார்கள். 1935இல் முதியோர் பென்சன் சட்டம் வந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லாத கிழவர்கள் வயதை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தக் கிழவர்கள் 1880இல் பிள்ளைகள். அங்கேயும் பென்சன்தான்!

கேள்வி: அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலரில் உள்ள வம்சாவளியை நம்பலாமா?
– இணுவில்

பதில்: இருப்பவர்களை நம்பலாம். இல்லாதவர்களைத் தேடுங்கள். கோபத்தில் விட்ட மச்சான், ஓடிப்போய்க் கலியாணம் செய்த சித்தி இவர்களெல்லாம் அச்சகத்துக்குப் போகிற வழியில் காணாமற் போய்விடுவார்கள். "நூலகம்" என்ற இணையத்தளத்தில் நிறைய நினைவு மலர்கள் இருக்கின்றன. ஒரே குடும்பத்தின் இரண்டு மலர்களை, அண்ணனுடையதையும் தங்கையுடையதையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஊரெல்லாம் தேடச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன கண்டுபிடித்தீர்கள்?
– புத்தூர்

பதில்: நியாயமான கேள்வி. என் அப்பப்பாவும் மலாயா ரயில்வேதான். அவருடைய றங்குப்பெட்டியில் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. ஊருக்கு அனுப்பிய காசு மாதம் மாதமாக எழுதியிருக்கும். "அம்மாவுக்கு 20" என்று வருடக்கணக்காகப் போகிறது. 1931இல் அது 12 ஆகக் குறைகிறது. 1934 மார்ச்சில் இருந்து அதற்குக் கீழே இன்னொரு வரி, எங்களுக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயரும் "5" என்ற இலக்கமும். ஒரு மாதமும் தவறவில்லை.

மாமிக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, இதைக் காட்டியது என் பிழை. தொண்ணூறை நெருங்கும் வயதில் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தகப்பனுக்கு எங்கேயோ இன்னொரு வீடு இருந்தது என்று முடிவே கட்டிவிட்டார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் பணம் போன விலாசம் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அந்தப் பெயரை வைத்துப் பதிவகப் புத்தகங்களில் பின்னோக்கிப் போனேன். கிடைத்தது எங்கள் சொந்த வீட்டுக் காணியின் அறுதி உறுதி, இப்போது நான் இருந்து எழுதும் இதே 3 பரப்பு. 1933இல் அப்பப்பாவுக்கு விற்றவர் அந்தப் பெண்ணின் கணவர். அவரும் ரயில்வேயில் இருந்து ஆட்குறைப்பில் திரும்பி வந்தவர். விலை 500 ரூபாய் என்றும் முன்னமே பெற்றுக்கொண்டதாகவும் உறுதி சொல்கிறது. பணம் தன் முன்னிலையில் கைமாறவில்லை என்று நொத்தாரிசு கீழே எழுதியிருக்கிறார். கொப்பியில் அந்த வருடம் "காணிக்கு 200" என்று ஒரே ஒரு வரி. அடுத்த வருடம் மாசியில் அவர் இறந்துவிட்டார். பங்குனியில் இருந்து மனைவியின் பெயருக்கு ஐந்து ரூபாய்.

1938 டிசம்பரில் அந்த வரி நின்றுவிடுகிறது. 58 மாதம், 290 ரூபாய். முன்பு கொடுத்த 200ஐயும் சேர்த்தால் 490. மாமியிடம் கணக்கைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கங்களைத் தடவிப் பார்த்தார். ஒரு தாள் கிழிந்திருந்தது. "மிச்சப் பத்து அதிலைதான் இருந்திருக்கும். ஐயா பத்து ரூபாய்க்கு ஆளை விடுற ஆள் இல்லை" என்றார். பிறகு சோறு கேட்டார்.